மஞ்சள் கோடு ஏன் கோணலாக இருக்கிறது

போன வாரம் பாஸ்கர் போன் செய்தான். நான் ரிட்டயர் ஆனபிறகு எங்கள் ஃபவுண்டரியில் மெல்ட்டிங் ஷிப்டு பார்ப்பவன் அவன்தான். பழைய ஃபர்னஸைக் கழற்றிவிட்டார்களாம். புதியது வந்து உட்கார்ந்துவிட்டதாம். மேடைக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள்.

"அண்ணா, ஃபர்னஸைச் சுத்தி மஞ்சக் கோடு கீதே, அது மூணு பக்கம் ஒழுங்கா வந்து, தெக்கால மட்டும் தொந்தி வெச்ச மாதிரி பேனலையும் தாண்டிப் போவுது. குடிச்சவன் போட்ட கோடுன்னு பசங்க சிரிக்கிறாங்க. அழிச்சிட்டு வட்டமாப் போட்டுடலாமா?"

"அழிக்காத. எழுதித் தர்றேன்" என்றேன்.

போனில் சொல்ல வரவில்லை. கம்பெனியில் பாதுகாப்பு வார மலரில் போட ஏதாவது கேட்டிருந்தார்கள். இதையே போட்டுக்கொள்ளட்டும். என் படிப்பு எட்டாவதோடு சரி. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏகாம்பரம். புத்தூர் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். மழை இல்லாத வருஷம் ஒன்றில் ரேணிகுண்டா தாண்டி இருந்த இந்த ஃபவுண்டரிக்கு வந்தேன். மண் சலித்தேன். ஸ்கிராப் தூக்கினேன். பிறகு ஃபர்னஸ் மேடைக்கு ஏற்றினார்கள். அங்கேயே இருந்துவிட்டேன். என்னோடு அதே மாதம் சேர்ந்தவன் முனிரத்தினம். நகரிக்காரன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை.

எங்களுக்கு மேலே இருந்தவர் சலபதி சார். சித்தூர்க்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், அதுவும் கொஞ்சமாக. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் மேடைக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றுவார். மோதிரத்தைக் கழற்றுவார். பிறகு ஃபர்னஸின் இரும்பு ஃப்ரேமைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வருவார். உள்ளங்கையால் தொடமாட்டார். கரன்ட் கசிந்திருந்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும், புறங்கை தள்ளிவிடும். அதை எங்களுக்கும் பழக்கினார்.

ஃபர்னஸைப் பற்றி அவர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். இதில் அடியில் நெருப்பு கிடையாது. நடுவில் இரும்பு உருகும் பானை. அதைச் சுற்றி, செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துச் செய்த காயில். குழாய்க்குள் தண்ணீர் ஓடும். காயிலில் கரன்ட் விட்டால் காந்த சக்தி உண்டாகும். அது பானைக்குள் இருக்கும் இரும்பில் பாய்ந்து அதைத் தானாகவே காய வைக்கும். ஆனால் உள்ளே போன சக்தி வெளிப்பக்கமாகச் சுற்றித்தான் திரும்பி வரவேண்டும். அப்படி வரும்போது வழியில் எந்த இரும்பு இருந்தாலும் அதையும் காய வைக்கும். அதைத் தடுக்கத்தான் யோக். மெல்லிய தகடுகளை நெருக்கமாக அடுக்கிய தூண்கள். காயிலைச் சுற்றி நிற்கும். வெளியே வரும் சக்தியைத் தங்களுக்குள் வாங்கி உள்ளேயே திருப்பி அனுப்பும். யோக் ஒழுங்காக இருந்தால் ஃப்ரேம் காயாது.

"ஃப்ரேம் வேடி ஆச்சுன்னா இரும்புக்குப் போற சூட்டை யாரோ திருடறான்னு அர்த்தம்" என்பார். வேடி என்றால் தெலுங்கில் சூடு. ஃபர்னஸைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கும் அந்த வார்த்தையே வாயில் வந்தது.

மேடைப் படிக்குக் கீழே ஒரு பலகை அடித்து, அதில் ஆணிகள் வைத்திருந்தார். ஆளுக்கு ஓர் ஆணி. ஏறுமுன் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாம் அதில் தொங்கவேண்டும். மோதிரம், செம்புக் காப்பு, பெல்ட்டு, எங்கள் பக்கத்து ஆண்கள் இடுப்பில் கட்டும் வெள்ளி அரைஞாண் எல்லாமே. வளையமாக மூடிய எதிலும் காந்தம் புகுந்தால் அது காயும். அரைஞாணைக் கழற்றுவது எங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கட்டியிருப்பது. முனிரத்தினம்தான் முதலில் கழற்றி மாட்டினான்.

"தேர்த் திருவிழாவுல கடை போட்ட மாதிரி கீது" என்றான் பலகையைப் பார்த்து. "ஏகாம்பரம், உன்து வெள்ளியா ஈயமாடா? கருத்துப் போயி தொங்குது."

"உன்து மட்டும் மினுக்குதா? உன் பொண்டாட்டி வெளக்கறாளா?"

"நான் இன்னா உன்ன மாதிரியா, வாரத்துக்கு ஒரு முற குளிக்கறவன்?"

இப்படித்தான் எங்கள் பேச்சு இருக்கும்.

முனிரத்தினம் நல்ல மெல்ட்டர். பவரைக் கூட்டிக் குறைக்கும் பேனலில் நின்றால் ஃபர்னஸின் இரைச்சலை வைத்தே உள்ளே ஸ்கிராப் சிக்கிக்கொண்டதா இறங்கிவிட்டதா என்று சொல்வான். அவன் சொன்ன பிறகுதான் நாங்கள் கம்பியை விட்டுக் குத்துவோம். அந்த இடத்தில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. அவனுக்கு அது தெரியும்.

நாங்கள் ரிட்டயர் ஆவதற்குச் சில வருஷம் முன்பு ஒரு கோடையில் அவன் படியில் மயங்கி விழுந்தான். கம்பெனி வண்டியில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். இதயம் மெதுவாகத் துடிக்கிறது, நடுவில் நின்று நின்று போகிறது என்றார்கள். காறை எலும்புக்குக் கீழே கீறி ஒரு சின்ன மெஷினை உள்ளே வைத்துத் தைத்தார்கள். துடிப்பு குறைந்தால் அது தட்டி எழுப்புமாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் வந்தார். முனிரத்தினத்தின் மனைவி கனகா திருச்சானூர் கோயிலுக்குப் போயிருந்தாள். அறையில் நான் மட்டும் இருந்தேன்.

"என்ன வேலை செய்யறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஃபவுண்டரிங்க. மண்ணு வேல."

நான் அவனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"வெல்டிங் கிட்ட போகாதீங்க. பெரிய காந்தம், கரன்ட்ல இரும்பு உருக்கற ஃபர்னஸ், இதுக்கெல்லாம் பக்கத்துல நிக்கவே கூடாது. மெஷின் குழம்பிடும்."

"அதெல்லாம் நம்ம பக்கம் இல்லீங்க" என்றான்.

டாக்டர் போனபிறகு கேட்டேன். "இன்னாடா இப்படிச் சொல்லிட்ட?"

"மெல்ட்டர்னு சொன்னா மேடைல ஏற வுடுவானுங்களா? அப்புறம் நான் இன்னா பண்றது, நகரிக்குப் போயி தறி ஓட்டறதா? எங்க நைனா ஓட்டி ஓட்டி காதே போச்சு. நீ வாய மூடிக்கினு இரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டான்.

லீவு முடிந்து வந்தான். எல்லாரும் தோளைத் தட்டினார்கள். வெயிலில் வந்த மயக்கம் என்றே நினைத்திருந்தார்கள். பலகைக்கு முன்னால் நின்று அரைஞாணைக் கழற்றித் தன் ஆணியில் மாட்டினான். பிறகு சட்டைக்கு மேலே நெஞ்சைத் தொட்டுக்காட்டி, என் காதுக்கு மட்டும் சொன்னான்.

"இத மாட்ட ஆணி இல்லடா."

சிரித்துக்கொண்டே காலைப் படியில் வைத்தான். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஏறாத."

"வழிய வுடு."

"ஏறாத முனிரத்தினம்."

"என் நெஞ்சு, என் உசுரு. உனக்கு இன்னாடா?"

"நெஞ்சு உன்து. மெயின் சுவிட்ச் போடற கை என்து. நீ வுழுந்தா உன்ன வுழ வெச்சவன் நான்."

பின்னால் சலபதி சார் வந்துவிட்டார். "ஏமய்யா, படியில என்ன பஞ்சாயத்து?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான். நான் சொல்லிவிட்டேன்.

"சார், இவன் நெஞ்சுல மெஷின் வெச்சிருக்காங்க. டாக்டர்கிட்ட மண்ணு வேலன்னு சொல்லியிருக்கான்."

சார் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார். தழும்பைப் பார்த்தார். "போட்டுக்கோ" என்றார்.

"வேலை போகாது. நா பாத்துக்கறேன். நா சொல்ற வரைக்கும் மேலே ஏறாதே."

"துரோகி" என்றான் முனிரத்தினம் என்னிடம். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டான்.

சலபதி சார் தானே திருப்பதிக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தார். எவ்வளவு காந்தம் வரை அந்த மெஷின் தாங்கும் என்று கேட்டு வந்தார். தெரிந்த காலேஜ் ஒன்றிலிருந்து காந்தத்தை அளக்கும் மீட்டரும் கொண்டுவந்தார். டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் எல்லையாக எடுத்துக்கொண்டார். ஃபர்னஸை முழு பவரில் ஓட்டச் சொன்னார். மீட்டரைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து ஃபர்னஸை நோக்கி நடந்து வருவார். எல்லை வந்ததும் "இங்கே" என்பார். நான் சாக்பீஸால் குறி போடுவேன். மறுபடியும் தள்ளிப் போய் இன்னொரு பக்கத்திலிருந்து வருவார். ஒவ்வொரு அடிக்கும் நின்று பார்த்தார். அவசரப்படவில்லை. முனிரத்தினம் கீழே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்றிலும் குறி ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. தெற்குப் பக்கம் வந்தார். அங்கேதான் மேடைக்கு ஏறும் படி; அதன் தலையில் நின்று மீட்டரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கே" என்றார்.

பேனல் அவருக்கு முன்னால் இருந்தது. ஃபர்னஸ் அதற்கும் அப்பால் இருந்தது. மீட்டரை அசைத்துப் பார்த்தார். திரும்பப் போய் வந்தார். அதே இடம்தான்.

அந்தப் பக்கம் மேடைத் தளம் கொஞ்சம் விட்டு நிற்கும். அந்த இடைவெளியில் ஃப்ரேமின் இரும்புச் சட்டம் திண்டு மாதிரி தெரியும். சார் அங்கே போய்ப் புறங்கையை நீட்டினார். கை வைக்க இடமில்லை.

எங்கள் சாப்பாட்டு கேரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அதைச் சொல்லவேண்டும். அந்த இடத்துக்கு 'முனிரத்தினம் அடுப்பு' என்று பெயர். ஒரு மார்கழியில் அவன்தான் அங்கே கேரியரை வைத்துப் பார்த்தான். மத்தியானம் திறந்தால் சோறு சுடச்சுட இருந்தது. மறுநாள் எல்லாரும் வைத்தோம். "கரன்டு பில்லு கம்பெனியோடது, கொழம்பு நம்மளது" என்பான். ஈரக் கையுறையை அங்கேதான் காயப்போடுவோம். சாருடைய கேரியரையும் நாங்களே வாங்கி அங்கே வைப்போம். அவர் சுற்றிவருவது காலையில், ஃப்ரேம் ஆறிக் கிடக்கும்போது. அவர் போனபிறகு கேரியர் ஏறிவிடும். அந்த இடத்தில் சூடான நேரத்தில் கை வைத்தவர் யாருமில்லை. எல்லாருக்கும் சோறு சூடாக இருந்தது.

சார் ஒரு கேரியரை எடுத்துத் திறந்தார். ஆவி வந்தது. அது அவருடையதுதான்.

மூடி வைத்தார். "இத்தனை நாளா நானும் இதைத்தான் துன்னேன்" என்றார்.

ஃபர்னஸை நிறுத்தி, ஆறவிட்டு, அந்தப் பக்கம் திறந்தோம். ஒரு யோக்கை அழுத்திப் பிடிக்கும் போல்ட்டு தளர்ந்திருந்தது. யோக் காயிலை விட்டு விலகி நின்றது. தகடுகளுக்கு நடுவே இருக்கவேண்டிய பூச்சு கருகி, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அது தன் வேலையைச் செய்யவில்லை. செய்யாமல் தானும் காய்ந்து ஃப்ரேமையும் காய வைத்துக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பவேண்டிய சக்தியெல்லாம் அந்த வழியாக வெளியே வந்து பேனலில் நிற்பவன் மேல் பட்டுக்கொண்டிருந்தது. அங்கே நிற்பவன் முனிரத்தினம்.

புது யோக் வைத்தோம். போல்ட்டுகளை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக முடுக்கினோம். ஃபர்னஸை ஓட்டியபோது இரைச்சலே மாறியிருந்தது. அதே பவரில் இரும்பு சீக்கிரம் உருகியது. மத்தியானம் கேரியரைத் திறந்தால் சோறு ஆறிப்போயிருந்தது. ஆறிய சோற்றையே தின்றோம்.

சார் மறுபடியும் அளந்தார். தெற்குப் பக்கக் குறி மற்ற பக்கங்களைப் போலவே உள்ளே போய்விட்டது. பேனல் இப்போது எல்லைக்கு வெளியே நல்ல தூரத்தில் இருந்தது.

முனிரத்தினம் கீழேயிருந்து கூப்பிட்டான். அவன் முகம் தெளிந்துபோயிருந்தது.

"சார், இப்ப நான் நிக்கலாம். நீங்களே அளந்தீங்க. பேனல் வெளியதான கீது. கோடு போட்டுடுங்க, அந்தக் கோட்டத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டேன். எம் பொண்ணு மேல சத்தியம்."

சார் படியில் இறங்கி அவனுக்கு எதிரே நின்றார்.

"யோக் எப்போ தளந்துச்சு?"

"யாருக்குத் தெரியும் சார்?"

"அதான். யாருக்கும் தெரியலை. மறுபடியும் தளந்தா தெரியுமா?"

"தெனம் பாத்துக்கலாம் சார். நானே பாக்கறேன்."

"பாத்துக்கினுதானே இருந்தோம். நா தினம் கை வெச்சேன். நீ தினம் பேனல்ல நின்னே. சோறு வேடியா இருக்குன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம்."

முனிரத்தினம் அண்ணாந்து பேனலைப் பார்த்தான்.

"கோடு நல்ல நாளுக்கு இல்லப்பா. கெட்ட நாளுக்குத்தான்."

என் பக்கம் திரும்பினார். "மொதல்ல போட்ட குறியிலேயே பெயிண்ட் அடி" என்றார்.

அடித்தேன். என் கையால்தான் அடித்தேன். மற்ற மூன்று பக்கமும் கோடு ஃபர்னஸை ஒட்டியே போயிற்று; அங்கே வேலை இருப்பவன் எப்படியும் கோட்டுக்குள்தான் நிற்கவேண்டும், அதனால் முனிரத்தினம் அங்கே போகப்போவதில்லை. தெற்கில் மட்டும் கோடு பேனலைத் தாண்டி, படியின் தலை வரைக்கும் போயிற்று. முனிரத்தினம் கீழேயே நின்று நான் அடித்து முடிக்கும் வரை பார்த்தான். பிறகு பலகைக்குப் போய், தன் ஆணியிலிருந்த அரைஞாணை எடுத்துக் கட்டிக்கொண்டு போனான்.

அவனைக் கோர் ஷாப்புக்குப் போட்டார்கள். வார்ப்பில் உள்ளே வெற்றிடம் விடுவதற்கு மண்ணில் அச்சு செய்து சூளையில் வேகவைக்கிற இடம். கேஸ் சூளை. காந்தம் கிடையாது. அங்கே பாதிப் பேர் கான்ட்ராக்ட்டில் வரும் பெண்கள். மெல்ட்டராக இருந்தவன் அவர்களோடு உட்கார்ந்து மண் பிசைந்தான். டாக்டரிடம் சொன்ன மண்ணு வேலை உண்மையாகிவிட்டது. யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

என்னிடம் பேசவில்லை. கேட்டில் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வான். ஒரு நாள் கனகா புத்தூர் சந்தையில் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நீ சொல்லலன்னா நானே கேட்டாண்ட வந்து சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா நான் அவரு மூஞ்சிய தெனமும் பாக்கணும். அத்தொட்டு நீ சொன்னதே நல்லதாப் போச்சு."

"பேசமாட்டேங்கறாம்மா."

"வூட்லயும் அவ்ளோவா பேசறது இல்ல. ராத்திரி நல்லா தூங்கறாரு. எனக்கு அது போதும்."

அந்த வருஷம் மழை தாமதமாக வந்து குளிர் சீக்கிரம் வந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். கேரியர் வைக்கும் அலமாரியில் என்னுடையதைக் காணவில்லை. யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். தேடிக்கொண்டு படிப் பக்கம் வந்தேன். படியின் தலையில் இருந்தது. தொட்டேன். சூடாக இருந்தது. கோர் சூளையின் மேல்தட்டில் வைத்து எடுத்த மாதிரி மண் வாடை அதில் அடித்தது.

கீழே பார்த்தேன். அவன் கோர் ஷாப்புக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தான்.

"டேய் முனிரத்தினம்" என்று கூப்பிட்டேன்.

நிற்காமலேயே சொன்னான். "ஆறிடும். துன்னு."

அதற்குப் பிறகும் நாங்கள் அதிகம் பேசவில்லை. அவன் ரிட்டயர் ஆகும் வரை, குளிர் மாதங்களில் என் கேரியர் சூளைக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு சாருடையதும் சேர்ந்து வந்தது. இப்போது சார் சித்தூரில் இருக்கிறார். முனிரத்தினம் நகரியில் இருக்கிறான். நெஞ்சில் இருந்த மெஷினை ஒரு முறை மாற்றிவிட்டார்கள். நடக்கிறான். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறான்.

பாஸ்கர், புது ஃபர்னஸ் நல்ல ஃபர்னஸ்தான். யோக்கும் புதியது, கவசமும் அதிகம் என்கிறாய். அளந்தால் வட்டமாகத்தான் வரும். ஆனால் விற்றவர்களைக் கேள். ஒரு யோக் விலகினால் எவ்வளவு தூரம் வெளியே வரும் என்று கேள். அந்த இடத்தில் கோட்டைப் போடு. கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். ஆணிப் பலகையைக் கழற்றாதே. எங்கேயாவது சோறு சூடாக ஆரம்பித்தால் சந்தோஷப்படாமல் ஃபர்னஸை நிறுத்து.

முனிரத்தினம் என் கேரியரை வைத்துப் போன இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படியில் ஏறி வந்து, கையை எட்டி, மஞ்சள் பெயிண்டுக்குப் படிப் பக்கமாக விளிம்போடு விளிம்பாக வைப்பான். இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்திருந்தால் எனக்கு எடுக்கச் சுலபம். ஒரு நாளும் வைத்ததில்லை. கைப்பிடிகூடக் கோட்டின் மேல் சாய்ந்திருக்காது.